எண் நிற்கவில்லை, தம்பி

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. ஆறு வருஷம் கழித்து எழுதுகிற கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாததால், எல்லாரும் தொடங்குகிற மாதிரியே தொடங்குகிறேன். இங்கு உன் அண்ணி நலம். வீடு நலம். கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது, மற்ற மூன்று மூலைகளும் நலம். நானும் நலம்தான், ஆனால் அந்த நலத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீயும் உன் வீட்டாரும் அங்கே சுகமாக இருப்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். எப்படித் தெரியும் என்று புருவத்தைத் தூக்காதே. உன் அண்ணியும் உன் வீட்டுக்காரியும் ஆறு வருஷமாக மாதம் தவறாமல் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற செய்தி எனக்குப் போன வாரம்தான் எட்டியது. உன் விலாசம் எங்கே கிடைக்கும் என்று மென்று முழுங்கிக் கேட்டேன். அவள் அடுப்படிக்குப் போய் மாவு டப்பாவுக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். அந்த டப்பாவை நான் கல்யாணமான நாளிலிருந்து திறந்ததில்லை. வங்கிப் பெட்டகத்தைவிடப் பத்திரமான இடம். நீ நாற்றுப் பண்ணையில் வேலை பார்ப்பதும், உன் சின்னவளுக்குக் கண்ணாடி போட்டிருப்பதும் எல்லாம் அந்த மாவு வாசனையோடுதான் எனக்கு வந்து சேர்ந்தன.

இன்னொன்று, ஒரு நேரத்தில் பத்து நிமிஷத்துக்கு மேல் எழுதக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அதனால் இது பல நாள் கடிதம். நடுவில் கையெழுத்து மாறினால் ஆள் மாறிவிட்டதாக நினைக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தலையில் அடிபட்டுவிட்டது. பதறாதே, உயிரோடு இருப்பதால்தான் எழுதுகிறேன். கிடங்கு வாசலில் என் வேலை உனக்கு மறந்திருக்காது. நிறை லாரி எடைமேடையில் ஏறும், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எடை போட்டுச் சீட்டு அடிப்பேன், அது உள்ளே போய்ச் சரக்கை இறக்கிவிட்டு வெறும் லாரியாகத் திரும்பும், மறுபடி எடை போட்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பேன், அவ்வளவுதான், இருபத்தொன்பது வருஷமாக இதையே செய்து இதற்கே தலைக்கனம் ஏறியவன் நான். அன்றைக்கு ஒரு லாரியின் பின்சக்கரம் மேடைக்கு வெளியே அரை அடி நிற்கிறதோ என்று சந்தேகம் வந்தது. டிரைவர் "ஏறியாச்சு சார்" என்றார். எந்த டிரைவர்தான் ஏறவில்லை என்று சொல்லியிருக்கிறார்? நானே இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தேன். சக்கரம் ஒழுங்காகத்தான் ஏறியிருந்தது. அடுத்தவர் சரியாகச் செய்திருக்கிறார் என்று தெரிந்தால் எனக்கு வழக்கமாக வருகிற ஏமாற்றத்தோடு விருட்டென்று நிமிர்ந்தேன். மேலே பின்பலகையின் இரும்புக் கொண்டி காத்திருந்தது. மண்டையில் பட்ட சத்தம் கேட் வரைக்கும் கேட்டதாம். எனக்குக் கேட்கவில்லை.

ரத்தம் இல்லை, எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம் மட்டும். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் வந்து உட்கார்ந்து மேற்கொண்டு ஒன்பது லாரிக்கு எடை போட்டேன். ஒன்பதாவது சீட்டைத் தூக்கிக்கொண்டு மூட்டை எண்ணுகிறவர் நேரே என் அறைக்கு வந்துவிட்டார். "அண்ணே, இந்த வண்டி சரக்கை இறக்கின பிறகு நாலு டன் கூடியிருக்கே. நாங்க இறக்கினோமா, ஏத்தினோமா?" என்றார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். எண்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல நெளிந்தன. "எந்திரத்துல கோளாறு" என்றேன். "எந்திரம் நேரா இருக்கு அண்ணே, நீங்கதான் சாஞ்சிருக்கீங்க" என்றார். அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இல்லை. அவர் சட்டை மேலேயே வாந்தி எடுத்தேனாம். என் தலையைப் பற்றி விசாரிக்க வருகிறபோதெல்லாம் அவர் கடைசியில் அந்தச் சட்டையைப் பற்றியும் இரண்டு வார்த்தை வருத்தப்பட்டுவிட்டுத்தான் போகிறார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, மூளை உள்ளே குலுங்கியிருக்கிறது, அந்த அதிர்ச்சி அடங்கக் கொஞ்ச நாளாகும் என்றார் டாக்டரம்மா. சின்ன வயசுக்காரர், ஆனால் நிதானமானவர். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். என் பிழைப்பே கழித்தல்தானே, சிரித்துக்கொண்டே தொண்ணூற்று மூன்று என்றேன், எண்பத்தாறு என்றேன், அதற்கு அப்புறம் எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை. இருட்டில் மாடிப்படி முடிந்துவிட்டது தெரியாமல் காலை வைப்போமே, அப்படி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன் அண்ணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்டரம்மா, "ரெண்டு நாள் நல்லா ஓய்வு எடுங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நடக்க ஆரம்பிங்க, வெளிச்சம் கூசினா திரை போட்டுக்கங்க, ஆனா இருட்டுலயே கிடந்துடாதீங்க" என்று சொன்னாராம். சொன்னாராம் என்று ஏன் எழுதுகிறேன் என்றால், என் காதில் விழுந்தது "ஓய்வு", "இருட்டு" என்ற இரண்டு சொற்கள்தான். பதினோரு நாள் இருட்டில் கிடந்தேன். ஜன்னலில் அட்டை ஒட்ட வைத்தேன். குழாய் சொட்டினால் அதட்டினேன், கரண்டி விழுந்தால் அதட்டினேன். உன் அண்ணி சொந்த வீட்டில் திருடி மாதிரி நடந்தாள். எதிர்வீட்டுக்காரர் நலம் விசாரிக்க வந்து அழைப்புமணியை அழுத்தினார். நான் போட்ட கூச்சலில் அவர் இப்போதெல்லாம் என் நலத்தை மூன்றாவது வீட்டில் போய் விசாரித்துக்கொள்கிறார்.

எட்டாம் நாள் மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்தேன். எழுந்தேன், வேறொன்றும் செய்யவில்லை. நெஞ்சு ஓட ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் அடிக்குமே, அந்த அடி இல்லை. உள்ளே யாரோ கதவைத் தட்டுகிறார்கள், திறக்காவிட்டால் உடைத்துவிடுவார்கள் என்கிற அடி. கை சில்லிட்டது, உதடு மரத்தது, டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நம் அப்பா போனது ஐம்பத்தேழு வயதில், ஒரு மத்தியானம், தண்ணீர் கேட்டுவிட்டு. எனக்கு ஐம்பத்தேழு நடக்கிறது. நீயே கணக்குப் போட்டுக்கொள். "முடிஞ்சுதுடி" என்று முனகினேன். "இப்பத்தானே நிரப்பி வெச்சேன், அதுக்குள்ள எப்படி முடியும்?" என்று உன் அண்ணி தண்ணீர்ப் பானையை எட்டிப் பார்த்தாள். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். ஈரக்கையோடு என்னைத் தாங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வாடகைக் காரை மறித்தாள்.

இப்படி ஒரு தடவை இல்லை, பத்து நாளுக்குள் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதல் தடவை என்னைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து ஓடினார்கள். இரண்டாம் தடவை நடந்தார்கள். மூன்றாம் தடவை நர்ஸம்மா, "வாங்கய்யா, உங்க கட்டில் காலியாத்தான் இருக்கு" என்றார். மூன்று தடவையும் இதயத்துக்குப் படம் எடுத்தார்கள், மூன்று தடவையும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்த மூன்று காகிதத்தையும் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தினமும் ஒன்றோடொன்று ஒப்பிட்டேன். அந்தக் கோடுகளைப் படிக்க எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். போதாக்குறைக்கு விரலில் மாட்டினால் நாடித்துடிப்பைக் காட்டுகிற ஒரு கிளிப்பை வாங்கினேன். அதில்தான் சனி பிடித்தது. எடைமேடையில் என்ன வழக்கம்? லாரி ஏறியதும் எண் ஆடும், காத்திருந்தால் நிற்கும், நின்ற எண்ணைத்தான் சீட்டில் அடிப்போம். இந்த எண் நிற்கவே இல்லை, தம்பி. எண்பத்தெட்டு என்னும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொண்ணூற்றேழு என்னும், ஏன் ஏறுகிறது என்று பயந்தால் நூற்றுப்பன்னிரண்டு என்னும், பயந்ததால்தான் ஏறியது என்று தெரிந்துகொண்டால் அதற்கு ஒரு பயம் வந்து நூற்றிருபதைத் தொடும். சாப்பிடும்போது கிளிப்பு, குளிக்கும்போது பிளாஸ்டிக் பைக்குள் கிளிப்பு. ஒருநாள் உன் அண்ணி விரலில் மாட்டிப் பார்த்தேன். எழுபத்திரண்டு, ஆடாமல் அசையாமல் நின்றது. "உனக்கு மட்டும் எப்படி இவ்வளவு நிதானம்?" என்று கேட்டேன். "எனக்கு ஓடறதுக்கு நேரம் இல்லைங்க" என்றாள். மறுநாள் கிளிப்பைக் காணவில்லை. மாவு டப்பாவைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாதே.

பத்து நிமிஷம் ஆயிற்று. மீதி நாளைக்கு.

மறுநாள். முடிவெட்டிக்கொள்ளப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன், ஊரே சொல்கிறது, நீ மட்டும் ஏன் விடுபட வேண்டும்? மூன்று வாரத் தாடியோடு இருந்தவனை உன் அண்ணிதான் பிடித்துத் தள்ளினாள். நாற்காலியில் உட்கார்ந்தேன். முடிவெட்டுகிறவர் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, பின்னால் முடிச்சுப் போட்டு, வலது கன்னத்தை மழித்து முடித்து, இடது கன்னத்துக்குச் சோப்பு நுரை தடவினார். "அசையாதீங்கண்ணே" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன வார்த்தை. அசையக் கூடாது என்று தெரிந்ததும் உள்ளே அது அசைய ஆரம்பித்தது. கண்ணாடியில் தெரிகிற ஆள் யார் என்று சந்தேகமாக இருந்தது. மூச்சு மேலேயே நின்றது. நான் எழுந்து ஓடினேன் தம்பி. கழுத்தில் வெள்ளைத் துணி பறக்க, ஒரு கன்னம் மழுமழுவென்று, ஒரு கன்னம் நுரையோடு, கடைத்தெரு முழுக்க ஓடினேன். தலையில் அடிபட்டவர் தலை தெறிக்க ஓடுகிறார் என்று ஒருவர் பழமொழி மாதிரிச் சொன்னாராம். முடிவெட்டுகிறவர் கத்தியோடு பின்னால் ஓடி வந்தார், துணிக்காகத்தான். ஆனால் பார்த்தவர்கள் வேறு மாதிரி நினைத்து வழிவிட்டார்கள். சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்து, என்னைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்து, துணி கட்டாமலே மீதிக் கன்னத்தை மழித்துவிட்டார். ஒரு வார்த்தை கேலி இல்லை. நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "எப்ப வேணும்னாலும் சொல்லுங்கண்ணே, நிறுத்திக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவர் போன பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அன்றைக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்வதும் பொய்தான். புரிந்துகொள்ளாமல் இருந்தேன்.

அதற்கப்புறம் டாக்டரம்மாவிடம் மறுபடி போனோம். "இதெல்லாம் மனப்பிரமையா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். "பிரமை எல்லாம் இல்லைங்க. தலை குலுங்கினா, நாடித்துடிப்பை ஏத்தி இறக்கற ஏற்பாடும் கொஞ்ச நாளைக்குத் தடுமாறும். எழுந்து நின்னாலே எகிறும். அது எகிறும்போது நீங்க பயந்தா, அந்தப் பயம் அதை இன்னும் ஏத்திவிடும். துடிப்பு நிஜம், பயமும் நிஜம். மூணு தடவை பார்த்தாச்சு, இதயத்துல பழுது இல்ல." மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடச் சொன்னார். எண்ணுவதற்கு ஏதோ ஒன்று கிடைத்ததே என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஜன்னலில் மிச்சமிருந்த அட்டையைக் கிழிக்கச் சொன்னார், தினமும் தெருவில் ஒரு விளக்குக் கம்பம் கூடுதலாக நடக்கச் சொன்னார். பிறகு எழுதுவதற்காகப் பேனாவை எடுத்தவர், "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி படபடப்பு, பயம் வந்திருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

உன் அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வீடு வந்து சேர்ந்தோம். வீட்டுக் கதவுப் பூட்டில் சாவியைப் போட்டவள் திருப்பாமல் நின்றாள்.

"தம்பியை ஏன் சொல்லல?" என்றாள்.

"அது வேற" என்றேன்.

"என்ன வேற?"

"அவனுக்குத் தலையிலயா அடிபட்டுச்சு?"

"எங்க அடிபட்டுச்சுன்னு நீங்க கேட்டீங்களா?" என்றாள். கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தாள். நான் அதட்டவில்லை.

ஆகவே அந்தப் பாலத்து விஷயத்தை எழுதியாக வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் ஆறு வருஷமாக நான் அதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தேன், அதனால் நடந்தபடி ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் நீ ஓட்டி வந்த பஸ்ஸுக்குக் குறுக்கே விழுந்தார். தப்பு உன் மேல் இல்லை என்று விசாரித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவர் பிழைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி வண்டி எடுத்தாய். நாலாம் நாள் ஆற்றுப் பாலத்தின் நடுவில், நாற்பது பேரை வைத்துக்கொண்டு நிறுத்தினாய், இறங்கினாய், நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாய். கண்டக்டர் எனக்குப் போன் செய்தார். மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தேன். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்று கத்திக்கொண்டிருந்தன. நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாய். "அண்ணே, நெஞ்சு ஓடுதுண்ணே, நிக்கவே மாட்டேங்குது" என்றாய். அதற்கு நான் சொன்னது நம் இரண்டு பேரோடு நாற்பது பேருக்கும் தெரியும். "எழுந்திருடா. ஆம்பளையா நீ? நாடகம் ஆடாதே, எல்லாரும் வேலைக்குப் போகணும்" என்றேன். கையைப் பிடித்துத் தூக்கினேன். உன் கை சில்லென்று இருந்தது. அது எனக்குத் தெரிந்தது, தம்பி. தெரிந்துதான் தூக்கினேன். நீ ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தாய். பணிமனை வரைக்கும் உன் முதுகுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். உன் கழுத்திலிருந்து வேர்வை சட்டைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. சாவியை மேஜை மேல் வைத்தாய். என்னைப் பார்க்காமல் வெளியே போனாய். அடுத்த மாதம் ஊரைவிட்டே போனாய்.

நான் என்ன செய்தேன்? அதைச் சிரிப்புக் கதையாக்கினேன். "ஒரே ஒரு அதட்டல் போட்டேன், பஸ் தானா ஓடுச்சு" என்று சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் சொன்னேன். நீ உட்கார்ந்திருந்த மாதிரி உட்கார்ந்துகூடக் காட்டினேன். ஒரு தடவை உன் வீட்டுக்காரி பின்வரிசையில் இருப்பது தெரியாமல் சொல்லிவிட்டேன். தெரியாமல் என்று எழுதிவிட்டேன். தெரிந்த பிறகும் நடுவில் நிறுத்தவில்லை, முடிவு வரைக்கும் சொன்னேன். அவள் எழுந்து போனாள். உன் அண்ணி அவள் பின்னாலேயே போனாள். அவர்களுடைய போன் பேச்சு அன்றைக்குத்தான் தொடங்கியதாம்.

நேற்று இதற்கு மேல் எழுத முடியவில்லை. பத்து நிமிஷம் ஆகவில்லை, இருந்தாலும் முடியவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

ஆறாவது வாரம் வேலைக்குத் திரும்பினேன். அரை நாள் மட்டும் என்று டாக்டரம்மா சீட்டுக் கொடுத்திருந்தார். கண்ணாடி அறையைத் துடைத்து வைத்திருந்தார்கள். மூட்டை எண்ணுகிறவர் ஜாக்கிரதையாகக் கொஞ்சம் தள்ளியே நின்று வரவேற்றார். முதல் மூன்று லாரி நன்றாகவே போயின. நாலாவது லாரி பின்பக்கமாக மேடையேறியது. பின்னால் வரும்போது கீ கீ என்று கத்துமே, அந்தச் சத்தம் வந்தது, பின்பலகையும் கொண்டியும் என் ஜன்னலை நோக்கி வந்தன. எதிரில் எடை எண் ஆடியது. உள்ளே இந்த எண்ணும் ஆட ஆரம்பித்தது. நாலு எண்ணி இழுத்தேன், ஆறு எண்ணி விட்டேன், ஏழு வரைக்கும்கூடப் போனேன், ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியிலிருந்து சரிந்து மேஜைக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே பதினோரு லாரி வரிசை. ஒருவர் ஹாரன் அடித்தார், எல்லாரும் அடித்தார்கள். இப்போது யாராவது உள்ளே வந்து அதட்டப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நெஞ்சு ஓடியதைவிட அந்தக் காத்திருப்புதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

கதவைத் திறந்து வந்தவர் மேடையில் நின்ற லாரியின் டிரைவர், எந்த வெயிலிலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பவர். பத்து வருஷமாக நான் அவரை அந்த மப்ளருக்காகவே கிண்டல் செய்து வந்திருக்கிறேன். என்னைப் பார்த்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தார்.

"வண்டிய ஆஃப் பண்ணிட்டேன் சார், அவசரம் இல்ல" என்றார்.

"வரிசை நிக்குது" என்றேன்.

"நிக்கட்டும். நிக்கறதுக்குத்தானே வரிசை."

எழுந்து வெளியே போனார். ஒவ்வொரு லாரியாகப் போய் ஏதோ சொன்னார். ஹாரன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன, பிறகு என்ஜின்களும் நின்றன. அந்த வாசலில் பகல் நேரத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் வரும் சார். மலை இறக்கத்துல. ஓரம் கட்டிட்டு இறங்கிச் சக்கரத்தை எண்ணுவேன். பதினாலு இருக்கும். சந்தேகமா இருந்தா மறுபடி எண்ணுவேன்" என்றார்.

"எவ்வளவு நேரம் எண்ணுவீங்க?"

"தெரியல சார். யாரும் அளந்ததில்ல."

கொஞ்ச நேரத்தில் அது தானாகத் தணிந்தது. எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் வண்டிக்குச் சீட்டு அடித்தேன். அவர் சீட்டை வாங்கிக்கொண்டு, எடையைச் சரிபார்க்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு நிமிஷம். பதினோரு லாரிக்காரர்களில் ஒருவரும் குடி முழுகிப்போனதாகச் சொல்லவில்லை.

பன்னிரண்டு நிமிஷம்தான், தம்பி. பாலத்தில் உனக்கு நான் அதைக் கொடுக்கவில்லை. நாற்பது பேரும் கொஞ்சம் தாமதமாக வேலைக்குப் போயிருப்பார்கள். வேறு என்ன ஆகியிருக்கும்? நீ எழுந்து வந்து ஓட்டியிருப்பாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம். நான் உன் அண்ணன், ஒரு மப்ளர்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். எழுதிவிட்டேன். இதற்கு மேல் இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தெருக்கோடி வரை இருபத்திரண்டு விளக்குக் கம்பமும் நடக்கிறேன். எடையும் சரியாக வருகிறது. தலைவலி போய்விட்டது, படபடப்பும் போய்விட்டது, பூரண குணம் என்றே வைத்துக்கொள். இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை. வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்க்க வர வேண்டும் என்றும் இல்லை. மூத்தவன் என்ற முறையில் கடைசியில் ஆசி சொல்ல வேண்டும், ஆனால் அதற்கான யோக்கியதை இப்போது கையிருப்பில் இல்லாததால் உன் அண்ணியின் ஆசியை அனுப்புகிறேன். அதில் கலப்படம் கிடையாது. உன் வீட்டுக்காரிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு. நீ வளர்க்கிற செடிகள் நன்றாக வேர் பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: இன்றைக்கு உறையை ஒட்டப் போனேன், உன் அண்ணி வாங்கிப் படித்துவிட்டு, "கடைசிப் பாரா முழுக்கப் பொய்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன். பூரண குணம் என்று எழுதியதை அடித்துவிடு. பதில் வேண்டாம், வர வேண்டாம் என்றதையும் அடித்துவிடு. இந்தக் கடிதத்தை எழுதி முடித்து ஒரு மாதம் ஆகப்போகிறது, முதலில் தபாலில் அனுப்புவதாகவே இல்லை. நேரில் கொடுக்கத்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமை உன் ஊர் பஸ்ஸில் ஏறினேன். முதல் தடவை இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அடுத்த தடவை ஐந்தாவதில். போன வாரம் ஒன்பதாவது வரைக்கும் வந்தேன், அதற்கு மேல முடியலடா. உன் ஊருக்கு மொத்தம் முப்பத்தொரு நிறுத்தம். ஒன்பதாவது நிறுத்தத்தில் நிழற்குடையும் ஒரு சிமென்ட் பெஞ்சும் இருக்கின்றன. வருகிற ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். மீதி இருபத்திரண்டு நிறுத்தம் நீ வர முடியுமா?